மறைத்து வைத்த ஸ்வரம்

“போதும் சென்செய். இன்னிக்காவது அந்த ஸ்வரத்தைக் குடுத்துடுங்க,” என்றாள் ரிக்கு.

“எந்த ஸ்வரம்?” என்றார் மினாசே.

ரிக்குவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கியோட்டோ நகரத்தின் அந்தச் சின்ன வீட்டுக்கு இந்தப் பேச்சு புதிதில்லை. வருஷக்கணக்காக நடக்கிறது. அவள் கேட்பாள். அவர் எந்த ஸ்வரம் என்பார். சென்செய் என்றால் குரு. குருவை எதிர்த்துப் பேசக் கூடாது. ஆகவே அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வீடு திரும்பி, கடையில் வேலை செய்கிறவர்கள் மேல் எரிந்து விழுவாள்.

மினாசேவுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. பாட்டுக் கட்டுவதில் அவரை மிஞ்ச அந்த நகரத்தில் ஆள் கிடையாது. ஷாமிசென், கோத்தோ இரண்டும் அவர் கைக்கு வசம்.

ஷாமிசென் மடியில் வைத்து மீட்டுகிற வாத்தியம். நீளக் கழுத்து, தோல் போர்த்திய உடம்பு, மூன்றே தந்தி. கோத்தோ தரையில் கிடத்தி வாசிப்பது. ஓர் ஆள் நீளம் இருக்கும். பட்டுத் தந்திகள் வரிசையாக ஓடும்; ஒவ்வொன்றுக்கும் அடியில் அதைத் தாங்க ஒரு குதிரை, அதாவது சின்ன மரத்தாங்கி. குதிரையை நகர்த்தித்தான் சுருதி சேர்ப்பார்கள்.

ரிக்கு, மிசோ கடைக்காரி. சோயாவைப் புளிக்க வைத்து அரைத்த அந்த விழுது இல்லாவிட்டால் அந்த ஊரில் யாருக்கும் சோறு இறங்காது. புருஷன் போன பிறகு கடையைத் தனியாக நடத்துகிறவள். குருவைவிட வயதில் மூத்தவள். அதனால் கோபப்படுகிற உரிமை தனக்குக் கொஞ்சம் கூடுதலாக உண்டு என்று நினைத்திருந்தாள்.

அவள் இசை கற்க வந்ததே அந்த ஒரு ஸ்வரத்துக்காகத்தான்.

“ஓடத்துறைப் பாட்டுல வருமே சென்செய். ரெண்டாவது அடி முடியற இடம். ‘ஓடம் வரவில்லை’ன்னு முடியுமே, அங்க.”

மினாசே ஷாமிசெனை எடுத்து அந்த இடத்தை வாசித்தார்.

“இதுதானே?”

“இது இல்லை.”

“அங்க இதைத் தவிர வேற ஒண்ணும் இல்லையே, ரிக்குசான்.”

பெயரோடு மரியாதைக்கு ஒரு ‘சான்’ வேறு. கல்லுளிமங்கன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டாள்.

அவர் ஒளிக்கிறார் என்று அவள் சந்தேகப்பட்டதிலும் தப்பில்லை. அந்தக் காலத்து வித்வான்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. எல்லாவற்றையும் எல்லோருக்கும் சொல்லித் தந்துவிட மாட்டார்கள். சில பாட்டு, சில பிடி, கதவைச் சாத்திக்கொண்டு, பக்குவப்பட்ட ஒரு சீடருக்கு மட்டும். மற்றவர்கள் ஆயுசு முழுக்க வாசலில் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

சரி, நமக்கு இன்னும் பக்குவம் வரவில்லை என்று ரிக்கு காத்திருந்தாள்.

பக்குவத்தைச் சீக்கிரம் வரவழைக்க என்னென்னவோ செய்து பார்த்தாள். கடையிலேயே நன்றாக முதிர்ந்த மிசோவைக் கொண்டுவந்து கொடுத்தாள். குரு சப்புக்கொட்டிச் சாப்பிட்டார். ஸ்வரம் வரவில்லை. முள்ளங்கி ஊறுகாய் கொடுத்தாள். அதையும் சாப்பிட்டார்.

ஒருமுறை மலையடிவாரத்து மடத்துக்குப் போய் ஒரு துறவியிடமே கேட்டுவிட்டாள்.

“எந்த ஸ்வரம்னு குரு திருப்பிக் கேட்டா என்ன அர்த்தம், சாமி?”

துறவி கண்ணை மூடினார். வெகு நேரம் மூடியிருந்தார்.

“மிக ஆழமான கேள்வி,” என்றார். “இதையே தியானம் பண்ணு.”

பண்ணினாள். மிசோத் தொட்டியைத் துடுப்பால் கிண்டும்போதெல்லாம் எந்த ஸ்வரம், எந்த ஸ்வரம் என்று தியானம் பண்ணினாள். தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம்.

ஒரு விஷயத்தை மட்டும் அவள் குருவிடம் சொல்லவே இல்லை. அந்த ஸ்வரத்தை எங்கே, எப்படிக் கேட்டாள் என்பதை.

சொல்ல முடியாது. இன்னும் தனக்குத் தரப்படாத பாட்டைக் கதவுக்கு வெளியே நின்று கேட்பது அந்தத் தொழிலில் திருட்டு. அப்படிக் கேட்டவளை எந்த வீட்டிலும் சேர்க்க மாட்டார்கள், சேர்த்திருந்தாலும் அனுப்பிவிடுவார்கள்.

ரிக்கு ஒட்டுக் கேட்டிருந்தாள். சீடப்பெண் ஆவதற்கு முன்னால், மிசோ கொண்டுவந்து கொடுக்கிற கடைக்காரியாக இருந்தபோது.

கடைசியில் பொறுமை போய்விட்டது. கொடுக்காவிட்டால் போகிறது, நாமே தேடி எடுத்துக்கொள்வோம் என்று உட்கார்ந்தாள்.

கடை சாத்திய பிறகு ஷாமிசெனை மடியில் வைத்துக்கொண்டு அந்த ஒரு ஸ்வரத்தைத் தேடுவாள். தந்தியை அழுத்திப் பார்த்தாள். இழுத்துப் பார்த்தாள். விரலை வழுக்கிப் பார்த்தாள். ஒன்றிலும் அது இல்லை. ஒருநாள் ஸ்வரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே கழுத்தின் நுனியிலுள்ள முறுக்காணியை ஒரு மயிரிழை தளர்த்தி, உடனே பிடித்து இறுக்கினாள்.

வந்துவிட்டது.

படிக்கட்டில் ஒரு படி இல்லையென்று தெரியாமல் காலை வைத்து, விழப்போய், விழாமல் சமாளித்துக்கொண்ட மாதிரி ஒரு சத்தம். ரிக்கு அழுதேவிட்டாள்.

ஆனால் பாடும்போது, வாசிக்கும்போது, சரியான இடத்தில், சரியான அளவுக்கு வரவேண்டுமே. அதற்கு வருஷங்கள் போயின. இடது கைப் பெருவிரல் ஓரம் காய்த்துப்போயிற்று. பிறகு அந்த ஸ்வரத்தைச் சுற்றி ஒரு பாட்டு வளர்ந்தது.

பாட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒருத்தி மழையில் ஒரு வீட்டின் பின்வாசலில் நிற்கிறாள். உள்ளே யாரோ வாசிக்கிறார்கள். கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று யோசிக்கிறாள். தட்டக் கையை ஓங்குகிற இடத்தில் அந்த ஸ்வரம் வரும். அவ்வளவுதான்.

அவள் கட்டிய ஒரே பாட்டு அது. இன்னொன்று வரும் என்கிற நம்பிக்கை அவளுக்கு இல்லை.

ஒருவர் ஷாமிசெனில் பாட்டுக் கட்டினால் இன்னொருவர் அதற்குக் கோத்தோ கட்ட வேண்டும், அதாவது கூடவே வாசிக்க ஒரு கோத்தோ இசை அமைக்க வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். கோத்தோ ஏறிய பாட்டு அந்தப் பரம்பரையின் பாட்டாகிவிடும். சீடர்களுக்குச் சொல்லித் தருவார்கள், அது பாட்டுக்குத் தலைமுறை தாண்டிப் போகும். கோத்தோ ஏறாத பாட்டு, கட்டினவர் கட்டையோடு போகும்.

வருஷா வருஷம் பிளம் மரங்கள் பூக்கும்போது கோயிலில் புதுப் பாட்டுகளை வாசிப்பார்கள். இந்த வருஷம் மொட்டு கட்ட ஆரம்பித்துவிட்டது.

“என் பாட்டுக்குக் கோத்தோ கட்டித் தரணும், சென்செய்.”

“கட்டிடலாம்,” என்றார் மினாசே. “முதல்ல பாட்டை என் கைக்குக் குடுங்க.”

அதுவும் வழக்கம். கோத்தோ கட்டுகிறவர் முதலில் அந்தப் பாட்டை ஷாமிசெனில் முழுசாகக் கற்க வேண்டும். எழுதி வைத்துக்கொள்வது கிடையாது. எதிரே உட்கார்ந்து வாசித்து, காதிலிருந்து கைக்கு ஏற்ற வேண்டும்.

மினாசே கெட்டிக்காரர். மளமளவென்று கற்றார். கையை ஓங்குகிற இடம் வந்தது. அங்கே நேராக வாசித்துக்கொண்டு போய்விட்டார்.

“அங்க இறங்கி ஏறணும், சென்செய்.”

“உங்க முறுக்காணி வழுக்குது, ரிக்குசான். கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் தடவுங்க.”

ரிக்கு அவர் முகத்தைப் பார்த்தாள். கேலி செய்கிற மாதிரி தெரியவில்லை. ஆனால் கல்லுளிமங்கன்கள் முகத்தில் எதுவும் தெரியாது.

அடுத்த முறை வந்தாள். அதே இடம். அவர் நேராக வாசித்தார்.

“வழுக்கல, சென்செய். அது அப்படித்தான்.”

“ஆணியை மாத்திப் பாருங்க.”

அதற்கடுத்த முறை அவரே ஒரு காகிதத்தில் சுண்ணாம்புக் கட்டியை மடித்து வைத்திருந்தார். அன்போடு நீட்டினார்.

“நல்ல சரக்கு. இனிமே வழுக்காது.”

ரிக்கு அதை வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குப் போகிற வழியில் ஆற்றில் எறிந்தாள்.

தன்னுடைய ரகசியத்தை எடுத்துவிட்டாளே என்றுதான் இந்த மனுஷர் தெரியாத மாதிரி நடிக்கிறார். தரவும் மாட்டார், தானாக எடுத்துக்கொண்டால் ஒத்துக்கொள்ளவும் மாட்டார். இப்படியே இழுத்தடித்தால் பிளம் பூத்து உதிர்ந்துவிடும். தன் பாட்டுத் தன்னோடு போய்விடும்.

அடுத்த முறை வந்தபோது வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“எத்தனை நாளைக்கு இந்த நாடகம், சென்செய்?”

“என்ன நாடகம்?”

“நீங்க வாசிச்ச ஸ்வரம்தான் அது. உங்க கையால. என் காதால கேட்டேன்.”

“நான் அப்படி வாசிச்சதே இல்லையே.”

“வாசிச்சீங்க!” ரிக்குவின் குரல் தெருவுக்குக் கேட்டது. “ஓடத்துறைப் பாட்டு. அடைமழை. நான் அப்போ உங்க சீடப்பெண் இல்லை. மிசோ கொண்டுவந்த கடைக்காரி. பின்வாசல்ல தொட்டியைத் தூக்கிக்கிட்டு நின்னேன். தட்டாம நின்னு கேட்டேன். முழுப் பாட்டையும் கேட்டேன். ஒட்டுத்தான் கேட்டேன். திருட்டுத்தான். அனுப்பறதுன்னா அனுப்பிடுங்க. ஆனா வாசிக்கலைன்னு மட்டும் சொல்லாதீங்க.”

சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாள். இத்தனை வருஷப் படிப்பும் ஒரே வாயில் போய்விட்டதே என்று அப்புறம்தான் உறைத்தது.



“அடைமழையா?” என்று மெல்லக் கேட்டார் மினாசே.

“ஆமா.”

“மேற்குக் கூரை ஒழுகிக்கிட்டிருந்த வருஷமா?”

“பின்வாசல்ல வாளி வெச்சிருந்தீங்க.”

மினாசேவின் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. காது மடல் வரை சிவந்தது.

“ஐயோ,” என்றார். “அன்னிக்கு வாசல்ல ஆள் இருந்துதா?”

ரிக்குவுக்குப் புரியவில்லை.

“புதுத் தந்தி, ரிக்குசான். அன்னிக்குக் காலையிலதான் மாத்தினேன். ஈரக் காத்து வேற. நட்டநடுப் பாட்டுல தந்தி நீண்டுபோய் இறங்கிடுச்சு. பாட்டை நிறுத்தாம முறுக்காணியைப் பிடிச்சு ஏத்தினேன். சின்னப் பசங்க பண்ற தப்பு. நல்லவேளை, யாரும் கேக்கலைன்னு இத்தனை நாள் நிம்மதியா இருந்தேன்.”



“அப்போ ரகசியம்…”

“என்ன ரகசியம்?”

“பக்குவம் வந்தாத்தான் குடுப்பீங்கன்னு…”

“எதை?”

ரிக்குவுக்கு அழுகை வந்தது. அழுகையைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கொடுத்த மிசோ எல்லாம் கண்முன் வந்து போயிற்று. மடத்துத் துறவி வந்து போனார். ஒரு தளர்ந்த தந்தியைத் தெய்வ ரகசியம் என்று கும்பிட்டுக்கொண்டு எத்தனை வருஷம்! ஊரில் யாருக்காவது தெரிந்தால் சிரிப்பாய்ச் சிரிப்பார்கள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“சரி, சென்செய். அந்த இடத்தை எடுத்துடறேன். நீங்க வாசிச்ச மாதிரி நேராவே இருக்கட்டும். கோத்தோ கட்டுங்க. பிளம் பூக்கறதுக்குள்ள முடிச்சுடலாம்.”

மினாசே கோத்தோவின் முன்னால் உட்கார்ந்தார். தந்திகளுக்கு அடியில் குதிரைகளைத் தள்ளிச் சுருதி சேர்த்தார். “வாசிங்க,” என்றார்.

ரிக்கு வாசித்துப் பாடினாள். அவர் கோத்தோவால் கூடவே வந்தார். மழை பெய்தது. பெண் நின்றாள். கையை ஓங்குகிற இடம் வந்தது. நேராக வாசித்தாள். பெண் கதவைத் தட்டினாள். பாட்டு முடிந்தது. ஒரு பிசிறு இல்லை.

“நல்லாத்தான் இருக்கு,” என்றார் மினாசே.

“அப்போ வெச்சுக்கலாமா?”

“இந்த மாதிரிப் பாட்டு இந்த வீட்டுல நிறையக் கிடக்கு.”

கோத்தோவைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டார். கையை நீட்டித் துழாவி ஷாமிசெனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“பாட்டை என் கைக்கு நீங்க இன்னும் முழுசாக் குடுக்கலை, ரிக்குசான். அப்புறம் நான் எப்படிக் கோத்தோ கட்டறது?”

“எல்லாம் குடுத்தாச்சே.”

“அந்த இடம் வரலையே.”

ரிக்கு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது தப்புன்னீங்க.”

“நான் பண்ணினப்போ தப்பு. நீங்க எப்படிப் பண்றீங்க? காட்டுங்க.”

ரிக்கு வாசித்துக் காட்டினாள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு அவர் வாசித்தார். நேராக வந்தது.

“ஆணியைத் தளர்த்தணும், சென்செய்.”

“தளர்த்தினேனே.”

“இல்லை. பிடிச்சுக்கிட்டே இருக்கீங்க.”

மறுபடி வாசித்தார். மறுபடி நேராக வந்தது. அவர் கை எத்தனையோ வருஷமாக ஒரே வேலைக்குப் பழகிய கை: தந்தி இறங்கப் பார்த்தால் பிடி. இறங்குவதற்கு முன்னாலேயே பிடி. அவர் விடு என்றாலும் அது விடவில்லை.

“விடுங்க, சென்செய்.”

“விட்டா விழுந்துடுமே.”

“விழணும்.”

“எவ்வளவு?”

“அது தெரியாது. விழும்போது தெரியும்.”

“இதென்ன பதில்?”

“உள்ளதைத்தான் சொல்றேன்.”

இந்த முறை விட்டார். தந்தி ஒரேயடியாகத் தொங்கிப்போய் வாத்து மாதிரிக் கத்தியது. ரிக்கு தலையில் அடித்துக்கொண்டாள். அவருக்குப் பார்வை இல்லை என்பதால் தாராளமாகவே அடித்துக்கொண்டாள்.

“சத்தம் கேக்குது,” என்றார் மினாசே.

“மன்னிச்சிடுங்க. மறுபடியும்.”

மறுபடியும் வாசித்தார். நேராக வந்தது. மறுபடியும். வாத்து. மறுபடியும். நேர்.

வைத்த தேநீர் ஆறிப்போயிற்று. மினாசேவின் நெற்றியில் வியர்வை பூத்தது. ரிக்கு அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினாள். விரலை எடுத்து முறுக்காணியில் வைத்துக் காட்டினாள். பாடிக் காட்டினாள். தனக்குத் தெரிந்ததை எல்லாம், இந்த வருஷங்களில் கண்டுபிடித்ததை எல்லாம், ஒன்று விடாமல் சொன்னாள். சொல்வதற்கு இனி ஒன்றுமே மிச்சமில்லை.

மினாசே கடைசியாக ஒருமுறை வாசித்தார். நேராக வந்தது.

மீட்டுகிற கட்டையைப் பட்டென்று தரையில் வைத்தார். அவர் கோபப்பட்டு ரிக்கு அதுவரை பார்த்ததே இல்லை.

“ரிக்குசான்,” என்றார், “நீங்க எதையோ ஒளிச்சு வெச்சுக்கிட்டுத்தான் சொல்லித் தர்றீங்க.”